பம்பரில் பச்சை பெயிண்ட்

கவிழ்ந்த லாரிகளைத் தூக்கி இழுத்து வரும் பெரிய வண்டியை ஓட்டுவதால் அவருக்குக் கொக்கியார் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் மனைவிக்கு மட்டும்தான் நினைவிருந்தது. அவளும் அதைச் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவள் இறந்துபோய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது.

வண்டியின் பின்சக்கர டயர்களில் கட்டை கட்டையாக இருந்த பற்கள் பாதிக்குமேல் தேய்ந்திருந்தன. டயர்க் கடைக்காரர் பழைய சிநேகிதர். வண்டி வளைவில் திரும்பும்போதே ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"வழக்கமா போடற கட்டை டயர்தானே?"

"இல்லப்பா. இந்தத் தடவை கோடு போட்டதைக் குடு."

கடைக்காரர் ஜாக்கியைக் கீழே போட்டார். "யோவ், மூளை கழண்டுபோச்சா? கோடு போட்டது தார் ரோட்டுல சுகமா ஓடும். சேத்துல இறங்கினா? லாரியைத் தூக்கப் போன நீயே படுத்துக்குவ. உன்னைத் தூக்க யார்யா வருவா?"

யாரும் இல்லைதான் என்று வாய்வரை வந்ததைக் கொக்கியார் விழுங்கிக்கொண்டார். "கட்டை டயர் இரைச்சல் தாங்கல. காதே போயிடும்போல இருக்கு."

"இத்தனை வருஷம் தாங்கின காது இப்பத்தான் போச்சாக்கும்!"

அந்த இரைச்சல் தெருமுனையில் கேட்டதுமே அவள் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைப்பாள். ஓடிவந்து கேட்டின் இரண்டு கதவுகளையும் விரியத் திறப்பாள். வண்டி வாசலில் நின்றதே இல்லை. வந்த வேகத்தில் உள்ளே நுழையும். இப்போதும் அதே இரைச்சல் கேட்கிறது. அதைக் கேட்டதும் பிரேக்கை மிதிக்கக் கால் மறந்துவிடுகிறது. போன வாரம் மூடியிருந்த பச்சைக் கேட்டில் நேராகப் போய் மோதினார். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பிரேக் சரியில்லை என்று சொல்லிவைத்தார். சத்தமில்லாத டயராக இருந்தால் கால் ஏமாறாது.

கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்தவர் முன்னால் நின்றுவிட்டார். "பம்பர்ல என்னய்யா பச்சை பெயிண்ட்?"

கொக்கியார் பின்சக்கரத்துப் பக்கம் நடந்தார். அந்தப் பச்சைக் கேட்டுக்குள் எத்தனையோ முறை வந்து டீ குடித்தவர் கடைக்காரர். அதற்குமேல் கேட்காமல் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டுப் பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்த லாரி டிரைவர் எழுந்து வந்தார். "அண்ணே, நீங்கதானா? போன மழையில பள்ளத்துல கிடந்தேனே, ஞாபகம் இருக்கா? காலு சிக்கிக்கிச்சு. போன்ல சார்ஜும் போயிடுச்சு. யாரும் வரமாட்டாங்கன்னு கண்ணை மூடிட்டேன். தூரத்துல உங்க டயர் இரைச்சல் கேட்டுச்சு பாருங்க, அப்பத்தான் உசுரே வந்துச்சு."

"முகம் ஞாபகம் இல்லப்பா. சேறு அப்பியிருந்துச்சு."

"எனக்கும் உங்க முகம் தெரியாதுண்ணே. வண்டியை வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன்."

மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபின் கொக்கியார் தேய்ந்த டயரைக் கையால் தடவிப் பார்த்தார்.

"கட்டையையே மாட்டிடு."

"பம்பரைத் துடைச்சுவிடட்டுமா?"

"இருக்கட்டும்."

சாயங்காலம் தெருவுக்குள் நுழையும்போது புது டயர்கள் பழையதைவிட உரக்க இரைந்தன. கால் பிரேக்குக்குப் போகாமல் ஒரு கணம் தயங்கியது. பம்பரில் இருக்கும் பச்சையை நினைத்துக்கொண்டு அழுத்தி மிதித்தார். வண்டி கேட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

இறங்கி ஒரு கதவைத் திறந்தார். அது போதாது, வண்டி அகலம். மறுபக்கம் நடந்துபோய் இன்னொன்றையும் திறந்தார்.