அக்கா தமிழ் பேசப் போன இடம்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. நீங்கள் எல்லோரும் அறிந்த அக்காவைப் பற்றி எழுதுவது எளிது. நான் தாமதமாக அறிந்துகொண்ட அக்காவைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.

அக்கா அரியலூரில் பிறந்தார். இரண்டு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இடது கால் செயலிழந்தது. அப்பாவுக்கு மத்திய அரசில் வேலை கிடைத்ததால் நாட்டின் தலைநகரில், சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். காலில் இரும்புப் பட்டையும் கையில் தடியுமாக பஸ் ஏறிப் பள்ளிக்குப் போன அக்கா, பின்னாளில் அரசு அலுவலகத்தில் ஸ்டெனோவாக முப்பது வருடங்களுக்கு மேல் பணிபுரிந்தார். இரண்டு முறை பெண் பார்க்க வந்தார்கள். அக்கா எழுந்து நடந்ததும் பேச்சு நின்றுபோனது. இனி யாரையும் வரச் சொல்ல வேண்டாமென்று அக்காவே அப்பாவிடம் சொல்லிவிட்டார். பெற்றோர் காலமான பிறகு முனிர்காவில் ஒரு தரைத்தள வீட்டில் தனியாக இருந்தார்.

ஓய்வு பெற்ற வருடம், கால் பட்டையைச் சரிசெய்ய ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போயிருந்தார். அங்கே கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி அழுதுகொண்டிருந்தார்கள். ஆபரேஷனுக்கு முன் குழந்தைக்கு எதுவும் கொடுக்கக் கூடாதென்று இந்தியில் சொன்னது அவர்களுக்குப் புரியவில்லை. ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது.

“பசிக்குதுன்னு அழுதா. பால் குடுத்துட்டேங்க” என்று அந்தத் தாய் சொன்னதை அக்கா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை முதல் வாரம் மூன்று நாள் அங்கே போகத் தொடங்கினார். ஊரிலிருந்து வரும் நோயாளிகளுக்காக டாக்டரிடம் பேசுவார். மருந்து உறைகளின் மேல் வேளையைத் தமிழில் எழுதிக் கொடுப்பார்.

காவலாளி முதலில், “ஆன்ட்டிஜி, பேஷண்ட் லைன் உதர் ஹை” என்று நோயாளிகள் வரிசையைக் கை காட்டினாராம். மதுரைக்காரர் ஒருவர், “உங்களைப் பிடிச்சுக்கவே ஒரு ஆள் வேணும் போலிருக்கே, நீங்க எங்களுக்கு என்னம்மா செய்வீங்க?” என்று கேட்டிருக்கிறார்.

“நடக்குறதை நீங்க நடங்க. பேசுறதை நான் பேசுறேன்” என்றாராம் அக்கா.

இரண்டு வருடங்களுக்கு முன் மழைக்காலத்தில் அங்கேயே சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. நான் குடியிருக்கும் குர்கானிலிருந்து கோபத்தோடு போனேன்.

“போதும் அக்கா. பேசாம வீட்ல இரு.”

“வீட்ல யார்கிட்டடா பேசுறது?”

“எனக்கு ஃபோன் பண்ணு.”

“நீ மீட்டிங்ல இருப்பே. உன் பசங்க அத்தைன்னுகூட கூப்பிடாம ‘ஹாய் புவா’ன்னு இந்தியில சொல்லிட்டு வெச்சிடுவாங்க. அங்க போனா நாலு பேர்கிட்ட தமிழ்ல பேசிட்டு வர்றேன். நான் என்னமோ அவங்களுக்கு உதவி பண்றேன்னு நீ நினைச்சுட்டிருக்கே.”

குர்கானிலிருந்து முனிர்காவுக்கு மெட்ரோவில் முக்கால் மணி நேரம்தான். அதற்குப் பிறகும் நான் அடிக்கடி போய்விடவில்லை. அதை மறைத்து எழுத மனம் வரவில்லை. முறிந்த எலும்பு கூடியதும் அக்கா மறுபடியும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டார்.

போன குளிர்காலத்தில் நிமோனியா. ஒன்பது நாட்கள் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு படுத்திருந்தார். பேச முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன், ஆபீஸைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி, வாய்க்கு வந்ததை எல்லாம். அக்காவின் காதில் விழுந்ததா என்று தெரியாது.

மூச்சுத் திணறியபோது முதலில் ஓடிவந்த மாடிவீட்டு பஞ்சாபி அம்மாளுக்கும், வாரம் மூன்று நாளும் வாசல்வரை வந்து ஏற்றிச்சென்ற ஆட்டோக்காரருக்கும், கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், துக்கத்தில் பங்குகொண்ட உங்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி.

அக்காவிடம் மருந்து உறையை நீட்டியவர்கள் எல்லோரும் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பெயரோ முகவரியோ எங்களுக்குத் தெரியாது. அக்கா இறந்த செய்தி அவர்களுக்குத் தெரியாது. இந்த நினைவு மலரும் அவர்கள் கைக்குப் போய்ச் சேராது. ஆனாலும், அத்தனை வருடங்கள் அக்காவோடு பேசிக்கொண்டிருந்ததற்காக அவர்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அன்புத் தம்பி