காகித மணிக்குள் வண்ணத்துப்பூச்சிகள்

நான் பொய் சொன்னேன். என் தங்கை ஸ்டெல்லாவின் கல்யாணத்தில், ஒரே ஒரு வரிப் பொய். அதன் பலனை இன்றுவரை அவள்தான் அனுபவிக்கிறாள்... நானல்ல!

ராயபுரத்தில் எங்கள் சனங்களின் கல்யாணத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாதா கோயிலில் பூசை முடிந்ததும், மண்டபத்தில் மணமக்கள் தலைக்கு மேல் ஒரு காகித மணி தொங்கும். நாடாவை இழுத்தால் பூவிதழ் கொட்டும். எனக்கு அது போதவில்லை. உயிருள்ள வண்ணத்துப்பூச்சிகள் பறக்க வேண்டும், ஊரே வாய் பிளக்க வேண்டும்! யார் கேட்டார்கள்? ஸ்டெல்லா கேட்டாளா?

எண்ணூர் சவுக்குத் தோப்போரம் தன்பாட்டுக்குத் திரிந்த உயிர்கள். வலைத்துணி வீசிப் பிடித்தேன். அட்டைப்பெட்டிக்குள் படபடத்து இறக்கையைக் கிழித்துக்கொண்டன. நான் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவன். ஐஸில் போட்ட நண்டு மரத்துக் கிடக்கும், வெளியே எடுத்தால் மறுபடி காலை ஆட்டும். பூச்சியும் அப்படித்தானே என்ற மேதாவித்தனத்தில் பெட்டியை ஐஸின் மேல் வைத்தேன்.

மண்டபத்தில் திறந்ததுமே தெரிந்துவிட்டது. ஊதிப் பார்த்தேன். உள்ளங்கைச் சூட்டில் வைத்துப் பார்த்தேன்... ஒன்றுகூட அசையவில்லை. அப்போதாவது நிறுத்தியிருக்கலாமே! ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்று. வெட்கத்துக்குப் பயந்து, அத்தனையையும் மணிக்குள் கொட்டினேன்.

நாடாவை இழுத்தவனும் நான்தான். அவள் முக்காட்டில், தோளில், கேக்கின் மேல்... செத்த பூச்சிகள். பூவிதழ் என்று நினைத்து ஸ்டெல்லா அண்ணாந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா தம்பி இது, அல்லாம் செத்துக் கீது?" என்றாள் அவள் மாமியார்.

"உள்ள போட சொல்லோ உசுரோடத்தான் இருந்துச்சு அத்தே."

அதுதான் அந்தப் பொய். மாமியார் அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை, மருமகளைப் பார்த்தாள்.

"அப்போ இவ தலிக்கு நேரா வந்தப்பறம்தான் செத்துச்சா?"

நான் குனிந்து கேக்கின் மேல் கிடந்த பூச்சிகளைப் பொறுக்கினேன். என் மானம் தப்பியது.

அந்த வீட்டில் அதன்பின் படகு பழுதானாலும் வலை அறுந்தாலும் பழி ஸ்டெல்லாவின் ராசி மீதுதான். சொல்லிவிட வேண்டும் என்றே ஒவ்வொரு முறையும் போவேன்... அவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். சீ, நானும் ஒரு அண்ணனா!

ஒவ்வோர் ஈஸ்டருக்கு முன்னும் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். இதை மட்டும் சொல்வதில்லை. சொன்னால், "போய் அவளிடம் சொல்" என்பார் சாமியார். அந்தப் பயம்தான். உங்களிடம் சொல்லலாம், நீங்கள் என்னை அங்கே அனுப்ப முடியாது.

சென்ற மாதம் என் மகளுக்கு ஞானஸ்நானம். குழந்தையைக் கையில் ஏந்தும் ஞானத்தாயாக ஸ்டெல்லாவை நிற்கக் கேட்டேன். வாய்விட்டுச் சொல்லாமலே பாவத்தைக் கழுவிவிடலாம் என்ற கள்ளத்தனம்! குழந்தையை அவளிடம் நீட்டினேன். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாண்ணா. என் ராசி உனுக்குத் தெரியாதா? கொயந்த நல்லா இருக்கட்டும்."

அவள் கண்ணில் கோபமே இல்லை. உண்மையாகவே நம்பிவிட்டாள்! இப்போது சொல்... இப்போதாவது சொல்லடா...

குழந்தையை என் மார்போடு இழுத்துக்கொண்டு, "சரிம்மா" என்றேன்.