கதவைத் தட்டும் அப்பா

தட்டச்சாளரான அந்தப் பெண்ணின் தம்பி கொலையுண்டபோது, அவன் எப்படிச் செத்தான் என்றுதான் எல்லோரும் அவரிடம் கேட்டார்கள். எப்படி இருந்தான் என்று ஒருவராவது கேட்கமாட்டார்களா என அவர் ஏங்கினார். இப்போது குற்றங்களால் பாதிக்கப்பட்டோர் சங்கத்தில், நீதிபதி முன் பேசுவோருக்கு வாக்குமூலம் எழுதித் தருகிறார். வருவோரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி அந்த ஏக்கத்தில் பிறந்தது.

மகளைக் கொலையில் பறிகொடுத்த லாரி ஓட்டுநர் ஒருவர் மறுநாள் பேச வேண்டும்.

“அண்ணே, பொண்ணு வீட்டுல எதுக்குச் சண்டை போடுவா?”

“குளியலறைக்குத்தான்மா! மகாராணி உள்ள போனா லேசுல வரமாட்டா. கதவத் தட்டினா பாட்டுச் சத்தம் கூடும்.” சிரித்தவர் மேசையை விரலால் தட்டிக் காட்டினார். “இப்பவும் தட்டிட்டுத்தான் உள்ள போறேன்.”

“இதையே சொல்லுங்கண்ணே.”

மறுநாள் நீதிமன்றத்தில், எழுதித் தந்த தாளைப் பார்க்காமலே ஓட்டுநர் அதைச் சொன்னார். பேச்சு நெடுநேரம் நீண்டது, நீதிபதி குறுக்கிடவில்லை.