ரம் கோப்பைகளுக்கு அப்பால்

போர் முடிந்து ஓராண்டு கழிந்தும், அது வடகடலில் விதைத்த கண்ணிவெடிகள் முடிந்தபாடில்லை. அவற்றைக் கடலடியோடு பிணைத்த கம்பிகளை அறுத்து மிதக்கவிட்டு, சுட்டு மூழ்கடிக்கும் சிறு கப்பலொன்றில் கொதிகலன் தீயைக் காப்பவனாக இருந்தான் வில்ஃப் பாஸ்கோ. இங்கிலாந்தின் கார்ன்வால் மீனவக் குடியில் பிறந்தவன். நீருக்கு அஞ்சாதவன், நீருக்குள் மறைந்திருப்பதை எண்ணி நாளும் நடுங்கியவன். அந்நடுக்கத்தை மறக்கவே தோழர்களைப் படமெடுத்தான்: சவர நுரையோடு இளிப்பவன், காலுறை தைப்பவன், உருளைக்கிழங்குக் குவியலின் நடுவே உறங்குபவன். முகம் தாளில் தங்கிவிட்டால் ஆளும் தங்கிவிடுவான் என்று அவனுக்கோர் எண்ணம்.

ஒருநாள் முற்பகல், அறுபட்டு மிதந்த, கொம்புகள் நீட்டிய வெடியொன்றைச் சக மாலுமி ஜாகோ ட்ரெகேர் துப்பாக்கியால் துளைத்துக்கொண்டிருந்தான். நண்பகல், மாலுமிகளின் அன்றாட ரம் பங்குக்கான சீழ்க்கை ஒலித்தது. அலையொன்று எழுந்து தணிந்தது, வெடியைக் காணோம். "மூழ்கிருச்சு!" என்று கத்திவிட்டு ஓடினான் ஜாகோ. ரம் காத்திருக்கையில் அக்கப்பலில் எவரும் கடலை மறுமுறை பார்ப்பதில்லை. கோப்பை உயர்த்திய கூட்டத்தை வில்ஃப் படமெடுத்தான்.

மாலை, கப்பல் அங்கேயே நங்கூரமிட்டு நின்றது. குளியலறை விளக்கில் சிவப்புத் துணி சுற்றி, படச்சுருளைக் கழுவித் தாளில் பதித்து அலசினான். முகங்கள் ஒவ்வொன்றாய்த் தெளிந்தன. ஜாகோவின் தோளுக்கு அப்பால், அலையின் மடிப்பில், கொம்பு முளைத்த கருந்தலையொன்றும் தெளிந்தது.

வில்ஃப் தாளை விளக்கருகே பிடித்துப் பார்த்தான். மூழ்காத வெடியை அப்பால் கொண்டுசென்ற நீரோட்டம் இப்போது திரும்பியிருந்தது. கப்பலின் இரும்புச் சுவரில் நீர் தட்டுந்தோறும் அவன் முதுகு சிலிர்த்தது. ஈரத் தாளோடு ஓடினான்.

"என்னடா படக்காரா, என் அழகப் பாத்து மயங்கிட்டியா?" என்றான் ஜாகோ.

"உன் மூஞ்சிய விடு. பின்னால பாரு."

ஜாகோவின் சிரிப்பு அணைந்தது. "கடல்நாய் தலைடா அது."

"கொம்பு வச்ச கடல்நாயா?"

"சொன்னா என் ரம்ம நிறுத்திருவாங்கடா. சாகுறவரைக்கும் கேலி பண்ணுவானுங்க."

"கேலி பண்ண ஆளுங்க இருக்கணும்ல, ஜாகோ?"

ஜாகோ தாளைப் பறித்தான். கிழித்துவிடுவானோ என்று வில்ஃப் பதறினான். அவனோ நேரே கப்பல் தலைவரிடம் சென்று, "நான்தான் சரியா பாக்கல, ஐயா" என்று நீட்டினான்.

தலைவர் பார்த்தார். எல்லோரும் மேல்தளத்தின் ஓரம் நின்று கடலைத் துழாவுக என்றும், நீராவி ஏற்றுக என்றும் ஆணை பிறந்தது. நீராவி ஏற்ற வேண்டியவன் வில்ஃப். வெடி மோதினால் முதலில் பிளக்கும் கப்பலின் அடிவயிற்றுக்கு அவன் ஏணியில் இறங்கினான்.

அங்கே கடல் தெரியாது. தீயின் இரைச்சலுக்கு இடையே இரும்புச் சுவரையே நோக்கினான். கை தீயைக் கிளறியது, உதடு அறிந்த துதியெல்லாம் முணுமுணுத்தது. தலைக்கு மேலே துப்பாக்கி வெடித்தது. மீண்டும் வெடித்தது. பிறகு ஓசையற்ற ஒரு கணம். அதன் பின் கப்பலையே உலுக்கிய பேரிடி. விளக்கு அணைந்தது, கரி உதிர்ந்தது. இருளில் அவன் சுவரைத் தடவினான். நீர் வரவில்லை.

மேல்வாயிலில் ஜாகோவின் குரல்: "உசுரோட இருக்கியாடா? இந்தத் தடவ நல்லா பாத்துட்டேன்!"

பல்லாண்டுகள் கழித்து, கார்ன்வாலின் நியூலின் ஊர் வீட்டில் விருந்தினருக்கு ஆல்பத்தைக் காட்டும்போது, "எல்லாம் நல்ல பசங்க" என்பான் வில்ஃப். அந்தப் படம் வருகையில் மட்டும், ஜாகோவின் தோளுக்கு அப்பால் அவன் கட்டைவிரல் அழுந்தியிருக்கும்.