அம்மாவின் குரலுக்குப் பதினான்கு டெசிபல்

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தன்று எங்களிடம் இருந்தது ஒரே ஒரு காலர் மைக். அதை அம்மாவின் புடவையில் குத்திவிடலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன். "அவ என்னத்தப் பேசிக் கிழிக்கப் போறா? இங்க குடு" என்று அப்பா பிடுங்கித் தன் ஜிப்பாவில் மாட்டிக்கொண்டார். சிராங்கூன் ரோட்டுக் கோயிலில், ஐயர் முன்னால், சொந்தபந்தம் முன்னால். அம்மா மாலையைச் சரிசெய்துகொண்டே சிரித்தாள். எது நடந்தாலும் அவளுக்கு அந்த ஒரு சிரிப்புதான். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் வேலை பார்ப்பது தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு புடவைக் கடையின் மாடியில். கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் என்று வருகிற வீடியோக்களை அங்கே வெட்டி ஒட்டுகிறோம். ஒலி என் பொறுப்பு. கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொரு பேச்சும் ஒரு துண்டாகக் கிடக்கும். ஒவ்வொரு துண்டின் அளவையும் நான் ஏற்றி இறக்குவேன். பூஜ்யம்தான் கூரை, அதைத் தாண்டினால் ஒலி கிழியும். பேச்சை மைனஸ் பன்னிரண்டு டெசிபலில் நிறுத்துவேன். பாட்டும் நாதஸ்வரமும் அதற்கு ரொம்பக் கீழே கிடக்க வேண்டும். ஊரார் வீட்டு மாமியார்களையெல்லாம் இப்படித்தான் தெளிவாகப் பேச வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து குரல் எழும்பாது. பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். அப்படிப்பட்டவள் தாலி கட்டி முடிந்ததும் நான்கு வார்த்தை பேச வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அவளை வளர்த்து ஆளாக்கியது ஜோகூரில் இருந்த அவளுடைய அக்கா. பெரியம்மா இப்போது இல்லை. அவர் பிள்ளைகள் முன்னால் அந்த நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்று சமையலறையில் முணுமுணுத்துப் பழகிக்கொண்டிருந்தாள். அன்றைக்கென்று ஜோகூர் எல்லைப் பாலத்தில் அப்படி ஒரு நெரிசல். பிள்ளைகள் வந்து சேர்ந்தபோது கோயிலில் இலையே எடுத்தாகிவிட்டது.

"அடுத்த வாரம் டின்னர்ல கல்யாண வீடியோ போடுவீங்க இல்ல? அதுல அக்கா பிள்ளைங்களுக்கு நான் பேசுனது கேக்குமா?" என்று அம்மா கேட்டாள். கேட்கும் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஸ்டூடியோவில் அந்தத் துண்டைத் திறந்தேன். அம்மாவின் குரல் மைனஸ் இருபத்தாறில், நாதஸ்வரத்துக்கு அடியில் மூச்சு மாதிரிக் கிடந்தது. நாதஸ்வரத்தை வடிகட்டிவிட்டுப் பதினான்கு டெசிபல் ஏற்றினேன். "என்னை வளத்தது எங்கக்காதான்" என்று அம்மா தெளிவாக எழுந்து வந்தாள். கூடவே அப்பாவும் வந்தார். மைக் அவர் நெஞ்சில் அல்லவா இருந்தது. அம்மாவுக்கு மட்டும் கேட்கும்படி அவர் முணுமுணுத்தது, அம்மாவை விட உரக்கக் கேட்டது.

"ஆரம்பிச்சிட்டா. அடியே, தவளைக்கெல்லாம் எவன்டி பேசக் கத்துக் குடுத்தான்? வாய மூடு."

சரியாக அக்காவைப் பற்றிச் சொல்கிற இடத்தில், அவள் பேச்சின் மேலேயே பேசியிருந்தார். இரண்டு குரலும் ஒரே துண்டு. ஒன்றை ஏற்றினால் மற்றதும் ஏறும். குரல்களைப் பிரிக்கிற கருவியை ஓட்டிப் பார்த்தேன். அப்பா போனார், ஆனால் அம்மா வாளிக்குள் தலையை விட்டுப் பேசுவது போல ஆனாள். அப்பா மட்டும் பேசிய இடைவெளிகளில் அளவைக் கீழே இழுத்தேன். கலந்த இடத்தில் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"அக்கா, சப்டைட்டில் போட்டு முடிச்சிடுங்க லா. ஏன் இவ்ளோ கஷ்டப்படுறீங்க?" என்றாள் கூட வேலை பார்க்கிறவள்.

குரல் இருக்கிறவளுக்கு எழுத்து எதற்கு என்று எனக்கு வீம்பு. உள்ளுக்குள் இன்னொரு ஆசையும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? கேட்கட்டும், சபையே கேட்கட்டும், மனுஷன் மானம் கப்பலேறட்டும் என்று நினைத்தேன். முப்பது வருஷமாக நான்கு சுவருக்குள் நான் கேட்டதை மற்றவர்களும் ஒரு தடவை கேட்டால் என்ன? இடைவெளிகளில் இழுத்து வைத்திருந்ததையும் விடுவித்தேன். அம்மா மைனஸ் பன்னிரண்டு, அப்பா மைனஸ் ஆறு. எதுவும் கிழியவில்லை. சுத்தமான வேலை.

டின்னர் சமூக மன்றத்து ஹாலில். முந்திய நாள் மதியமே போய் ஸ்பீக்கர்களைச் சரிபார்த்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் அம்மா கேட்டாள். பெரியம்மாவின் பிள்ளைகளை நானே முன் மேசையில் உட்கார வைத்தேன். வீடியோ தொடங்கியதும் அம்மா அவர்கள் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். கையில் இருந்த தண்ணீர்க் கிளாஸைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை அவளுக்கு.

"என்னை வளத்தது எங்கக்காதான்" என்றது திரை. அடுத்து அப்பாவின் குரல் ஹால் முழுக்க விழுந்தது. தவளை.

இதோ, மனுஷன் மாட்டினார் என்று அப்பா பக்கம் திரும்பினேன். அப்புறம் ஹாலே சிரித்தது. மாமாக்கள் சிரித்தார்கள், சித்திகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "அறுபதுலயும் குசும்பு போகல பாரேன்!" என்று யாரோ கத்தினார்கள். பெரியம்மாவின் மூத்த மகன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அப்பா எழுந்து நின்று நாலாபுறமும் கும்பிட்டார். அம்மாவும் சிரித்தாள். அக்கா போட்ட நகை, அக்கா கட்டிய பள்ளிக்கூடச் சம்பளம், அக்கா இல்லையென்றால் நான் இல்லை என்று அவள் சொன்னது எல்லாம் அந்தச் சிரிப்புக்குள் போனது. இருநூறு பேர் சிரிப்புக்கு மேலே ஒரு குரலை ஏற்ற என்னிடம் கருவி இல்லை.

மறுநாள் காலையில் அப்பா என்னைத் தட்டிக் கொடுத்தார். என் தொழிலை 'பொத்தான் அமுக்குற வேலை' என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லி அவர் அழைத்ததில்லை. "சவுண்டு சூப்பர்மா. அந்தத் தவளை சீன் மட்டும் வெட்டிக் குடு, வாட்ஸாப்ல எல்லாரும் கேக்குறாங்க."

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா சமையலறையிலிருந்து வந்துவிட்டாள், கையில் பாதி நறுக்கிய பயற்றங்காய்.

"குடுத்துடு மா. என் குரல மட்டும் கொறச்சிடேன்."

"ரெண்டும் ஒரே துண்டு மா. உன்னக் கொறச்சா அவரும் கொறைவாரு."

அம்மா கையிலிருந்த பயற்றங்காயை ஒடித்தாள்.

"அப்ப கொறைக்காத" என்றாள். "அப்பா பேசுறது கேக்கணும்ல."