செல்வராஜின் பெட்டிக்கு நான் போட்ட மதிப்பெண்

2025 பிப்ரவரி 9, ஞாயிறு, காலை 10.40. அமெரிக்காவில், சுகர் லேண்டில் தூறல். வெளியே 17 டிகிரி. இங்கே அதை ஃபாரன்ஹீட்டில் 63 என்கிறார்கள். வந்து பத்து மாதமாகியும் முப்பத்திரண்டைக் கழித்துப் பார்த்துத்தான் சட்டை மாட்டுகிறேன்.

அன்று மகன் வீட்டு கராஜில் ஒரு தேர்வு நடத்தினேன். ஒரு பக்கம் செல்வராஜ் செய்துகொடுத்த வால்வு ஆம்ப்ளிஃபயர். கோவையில் இருபத்தாறு வருடம் நாங்கள் ஒரே மெல்லிசைக் குழு. நான் கிட்டார், மைக் செட்டும் ஆம்ப்ளிஃபயரும் அவன் பொறுப்பு. பெட்டி பத்தொன்பது கிலோ. துணிமணியைக் குறைத்து அதை விமானத்தில் கொண்டுவந்தேன். மறுபக்கம் இங்கே வாங்கிய மாடலர்: விதவிதமான ஆம்ப்ளிஃபயர்களின் ஒலியைக் கணக்கிட்டே உண்டாக்கும், டிபன் டப்பா அளவுப் பெட்டி. என் முட்டிவலிக்கு இனி இதுவே போதுமா என்பதுதான் கேள்வி. "நோபடி கேன் டெல் தி டிஃபரன்ஸ், சார்" என்றார் கடைக்காரர். விற்பதற்குச் சொன்னதை நான் சான்றிதழாக எடுத்துக்கொண்டேன்.

பேத்தி நிலாவைக் கண்ணை மூடச் சொல்லி, இருபது முறை மாற்றி மாற்றி வாசித்தேன். பத்தொன்பது முறை மாடலர்தான் ஜெயித்தது. "தாத்தா, அதர் ஒன் சவுண்ட்ஸ் லைக் இட் ஹாஸ் எ கோல்ட்" என்றாள். எனக்கும் அது கம்பளிக்குள்ளிருந்து முனகுவதுபோலத்தான் கேட்டது.

செல்வராஜுக்கு வாட்ஸப்பில் முடிவை அனுப்பினேன்: 19–1. எழுபது வயதிலும் பெட்டி செய்து விற்கிறவனுக்கு அனுப்புகிற செய்தியா அது? மறுநாள் கூப்பிட்டான்.

"உன் காதை நான் எப்பவும் சந்தேகப்பட்டதில்லடா. எனக்குத்தான் காது போயிருச்சாட்ட இருக்குது. சூலூர் சர்ச்சுக்காரங்க ஒரு பெட்டிக்கு அட்வான்ஸ் குடுத்திருந்தாங்க. திருப்பிக் குடுத்துட்டேன்."

மூன்றாவது வாரம் கராஜைப் பெருக்க வந்த மகன், ஆம்ப்ளிஃபயரின் ஒயரைத் தூக்கிப் பார்த்தான்.

"அப்பா, இதைப் போட்டா வாசிச்சீங்க?"

"ஆமா. போன் சார்ஜருக்குப் போடுற அதே அடாப்டர்."

"சார்ஜர் எந்த வோல்டேஜுக்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்கும்ப்பா. இந்த அடாப்டர் பின்னை மட்டும்தான் மாத்தும். செல்வராஜ் அங்கிள் செஞ்சது 230 வோல்ட்டுக்கு, இங்க வர்றது 120. பாதி சோறு போட்டுட்டு ஓடலைன்னு சொல்லியிருக்கீங்க."

எல்லாவற்றையும் எண்ணி, குழுவில் ஆடிட்டர் என்று பேர் வாங்கியவன் வோல்ட்டை எண்ணவில்லை. ஊரிலிருந்து பெட்டியோடு வருகிறவர்கள் இதை ஞாபகம் வையுங்கள்.

மின்னழுத்தத்தை ஏற்றும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மறுபடி வாசித்தேன். கம்பியை வருடியபோது பெட்டி முணுமுணுத்தது, அழுத்தியபோது சண்டைக்கு வந்தது. நிலாவின் தீர்ப்பு 11–9, செல்வராஜ் பக்கம். மாடலர் மோசமில்லை, ஆனால் பத்தொன்பதுக்கு ஒன்று என்பது பொய். அதைச் செல்வராஜைக் கூப்பிட்டுச் சொல்ல எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

அவன் சிரித்தான். "ஏன்டா ஆடிட்டரே, பெட்டி முதுகுல 230-ன்னு பெயிண்ட்ல எழுதியிருக்கேனே, படிக்கத் தெரியாதா?"

"சர்ச்சுக்காரங்களைத் திரும்பக் கூப்பிடுடா."

"அவங்க வேற வாங்கிட்டாங்க."

"என்னது?"

"மாடலர்தான். உன்னோட 19–1-ஐ நானே காட்டிட்டேன்ல."

மாடலர் 480 டாலர், டிரான்ஸ்ஃபார்மர் 65. அவன் திருப்பிக் கொடுத்த அட்வான்ஸையும் என் செலவாகவே எழுதுகிறேன். இரண்டையும் ஒரே நாணயத்துக்கு மாற்ற மனம் வரவில்லை. ஆன மொத்தம்: 545 டாலர், 15,000 ரூபாய்.