கைப்பையில் இருந்த கேர்னல்

யுத்தத்தின் கடைசி வருடங்களில் நான் கண்டியில் ஒரு சிறிய மென்பொருள் கம்பெனியில் வேலை செய்தேன். சனி ஞாயிறு புசல்லாவையில் அம்மாவோடு இருந்துவிட்டுத் திங்கட்கிழமை காலை பஸ்ஸில் திரும்புவேன். கம்பெனி வேலை போக எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. உலகெங்கும் பலர் சேர்ந்து இலவசமாக எழுதும் ஓர் இயங்குதளத்துக்கு, மற்றவர்கள் அனுப்பும் நிரல்களை வாசித்துப் பிழை சொல்வேன். முகம் தெரியாத ஆட்களோடு மின்னஞ்சலில் சண்டை பிடிப்பதில் ஒரு சந்தோஷம், அவ்வளவுதான்.

அந்த வாரம் வந்தவை சோதனைகளுக்கான உதவி நிரல்கள். ஒவ்வொரு சோதனையும் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் கொஞ்சம் இடம் வாங்கும். சோதனை முடிந்தாலும் சரி, பாதியில் தோற்றாலும் சரி, வாங்கிய இடத்தையெல்லாம் இந்த உதவி நிரல்கள் தாமாகவே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாததால் பதினான்கு பக்கங்களை அச்செடுத்துக்கொண்டு போயிருந்தேன். இரண்டு நாள் வாசித்தும் ஒரு குறையும் அகப்படவில்லை.

திங்கட்கிழமை, கண்டிக்குச் சற்று முன்னால் சோதனைச் சாவடியில் வழக்கம்போல எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையாக நடந்தோம். பெண் பொலிஸ் ஒருவர் என் கைப்பையிலிருந்த தாள்களை விரித்தார். இயங்குதளத்தின் நடுப்பகுதிக்கு ஆங்கிலத்தில் கேர்னல் என்று பெயர். இராணுவத்தில் ஒரு பெரிய பதவிக்கும் அதே உச்சரிப்புத்தான். எழுத்து மட்டும் வேறு. அவர் வாய்விட்டு வாசித்தார். பக்கத்துக்கு ஆறேழு தடவை கேர்னல் வந்தார். இடையிடையே ‘கொல்’, ‘விடுவி’ என்ற கட்டளைகள் வேறு. பஸ் எனக்காக நிற்கவில்லை.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி சிங்களத்தில் விசாரித்தார். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனாலும் வாக்குமூலம் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமாம். அதனால் ஒரு முஸ்லிம் கான்ஸ்டபிளைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நாநா என்றுதான் கூப்பிடுவோம்.

“தங்கச்சி, யாரு இந்தக் கேர்னல்னு ஐயா கேக்குறாரு.”

“அது ஆள் இல்ல நாநா. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிறது. எழுத்தே வேற, பாருங்க.”

“எழுத்துப் பிழை விட்டா ஆள் மாறுமான்னு கேக்குறாரு.”

யாருக்காக வேலை செய்கிறாய் என்றார்கள். யாருக்கும் இல்லை என்றேன். சம்பளம்? இல்லை. அந்த வெளிநாட்டுக்காரர்களைக் கண்டிருக்கிறாயா? இல்லை. உண்மையைச் சொல்லச் சொல்ல நிலைமை மோசமாகியது. கான்ஸ்டபிள் என் பக்கம் சாய்ந்து, “தங்கச்சி, ஏதாச்சும் ஒரு பொய்யாவது சொல்லுங்களேன்” என்றார்.

என் மானேஜருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். எங்கள் கம்பெனியில் கேர்னல் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. அந்த நாட்களில் உள்ளே போன தமிழ்ப் பிள்ளைகள் எப்போது வெளியே வருவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. அம்மாவுக்கு யார் தகவல் சொல்வது?

பொறுப்பதிகாரி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். முதல் பக்கத்திலிருந்து விளக்கச் சொன்னார். வரி வரியாகத் தொட்டு விளக்கினேன். மனிதர் உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்பதாம் பக்கத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“வாங்கினதையெல்லாம் திருப்பிக் குடுக்குது, சரி. எந்த வரிசையிலன்னு கேக்குறாரு.”

“வாங்கின வரிசையிலதான்.”

பொறுப்பதிகாரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, சப்பாத்துக் காலைத் தூக்கிக் காட்டினார். எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் கான்ஸ்டபிள் விடவில்லை. தன் காலையும் தூக்கிக்கொண்டு, “காலையில முதல்ல சொக்ஸ், பொறகுதான் சப்பாத்து. பின்னேரம் சொக்ஸை முதல்ல கழட்ட ஏலுமா?” என்று மொழிபெயர்த்தார்.

நான் தாளைப் பார்த்தேன். பின்னால் வாங்கிய இடம் முதலில் வாங்கிய இடத்தை நம்பி நிற்கலாம். நிரலோ முதலில் வாங்கியதையே முதலில் கொடுத்துவிடுகிறது. எழுதியவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

“ஐயோ, ஐயா சொல்றது சரி!” என்று அவர் பேனாவையே எடுத்து ஓரத்தில் குறித்துக்கொண்டேன். எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பது ஒரு நிமிடம் மறந்துபோனது. பொறுப்பதிகாரியின் முகம் மலர்ந்தது. பிறகு தன் உத்தியோகம் நினைவுக்கு வந்ததுபோல இறுகியது.

“கேர்னல் என்பவரை எனக்கு நேரில் தெரியாது. அவருடைய நினைவுகளை மட்டும் பரிசோதித்தேன்” என்று வாக்குமூலம் எழுதினார்கள். கையெழுத்து வைத்தேன். தாள்கள் சான்றுப்பொருளாக அங்கேயே தங்கின. மாதம் ஒரு தடவை வந்து கையெழுத்திட வேண்டும் என்று சொல்லி என்னைப் போகவிட்டார்கள்.

அன்று பின்னேரமே பிழையை எழுதி அனுப்பினேன், சொக்ஸ் உதாரணத்தோடு. நிரலை எழுதியவர் நன்றி சொல்லி, இதைக் கண்டுபிடித்தவர் வேறு யாராவது என்றால் பெயரைத் தரச் சொன்னார். திருத்தத்தோடு போகும் குறிப்பில் அந்தப் பெயரைச் சேர்ப்பது வழக்கம். கண்டியில் ஒரு நண்பர், பெயர் வெளியிட விரும்பவில்லை என்று பதில் போட்டேன்.

இரண்டாம் மாதம் கையெழுத்திடப் போனபோது பொறுப்பதிகாரி பிளேன்டீ கொண்டுவரச் சொன்னார். அந்தச் சாமானைத் திருத்தியாயிற்றா என்று கேட்டார். திருத்திவிட்டார்கள், எல்லாச் சோதனையும் இப்போது ஒழுங்காக ஓடுகிறது என்றேன். திருப்தியோடு தலையாட்டிவிட்டுப் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். சந்தேகநபர் என்ற இடத்தில் கையெழுத்திட்டேன்.